வீட்டில் எத்தனை பேர்

என் மனைவிக்குத் தீவுகள்தான் பிழைப்பு. யாரிடம் சொன்னாலும், "எந்தத் தீவு, ராமேஸ்வரமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஓசூரில் நான் வேலை செய்யும் கியர் கம்பெனி கேன்டீனில் இதற்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ராமேஸ்வரம் இல்லையப்பா, ஒவ்வொன்றும் தனி நாடு, கொடி இருக்கிறது, மந்திரிசபை இருக்கிறது, ஆனால் மொத்த ஜனத்தையும் நம்ம சிப்காட் தொழிற்பேட்டைக்குள் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிடலாம் என்பேன். அந்த மாதிரி நாடுகள் எதை விற்கின்றன, எதை வாங்குகின்றன, இனிமேல் எப்படிப் பிழைக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறவள் அவள். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். உலகத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்க கூட்டமே ஒரு குட்டித் தீவுதான் என்று அவளைக் கிண்டல் செய்வேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் இருவருக்கும் கடலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் விருதுநகர் பக்கம், கரிசல் காட்டுக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு அப்ரன்டிஸாக ஓசூருக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டேன். அவள் காவேரிப்பட்டினம். அப்பாவுக்கு மாந்தோப்பு. தண்ணீர் என்றால் அவளுக்குத் தென்பெண்ணையும் கிருஷ்ணகிரி டேமும்தான். பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது நல்ல தலைப்புகளையெல்லாம் முந்தி வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். மிச்சம் கிடந்தது சின்னத் தீவு நாடுகள். வேண்டாவெறுப்பாக எடுத்தவள், பிறகு அதை விடவே இல்லை. கல்யாணமான புதிதில் பாகலூர் ரோட்டில் மாடி வீடு ஒன்றுக்குக் குடிபோனோம். சாமி படம் மாட்டுவதற்கு முன்னால் உலகப்படத்தை மாட்டினாள். அதில் அவளுடைய நாடுகளெல்லாம் ஈ உட்கார்ந்து எழுந்த புள்ளிகளாகத் தெரிந்தன. "இந்த ஈப் புள்ளிக்கா இவ்வளவு படிப்பு?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் அவள் பேச்சு கிடைக்காமல் கிடந்தேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான்.

நான் கொஞ்சம் சண்டைக்காரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை அடைத்தால் மாநகராட்சி ஆபீசுக்குப் போய்க் கத்துவேன். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கூடக் காசு கேட்டால் தெருவே கேட்கிற மாதிரி கேட்பேன். பஸ்ஸில் சில்லறை வரும்வரை இறங்க மாட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "ஏங்க, ஒரு நாளாவது சும்மா இருங்களேன்" என்பாள். ஆனால் சண்டை ஜெயித்து வந்தால் முதலில் சிரிக்கிறவளும் அவள்தான்.

ஓசூரைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு. கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்து, சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே எனக்கும் ஒரு வகுப்பு எடுப்பாள். "ஓசூருக்குன்னு தனியா என்னங்க இருக்குது? பக்கத்துல பெங்களூரு இருக்குது, அதான் அதோட சொத்து. ஜூஜூவாடி செக்போஸ்ட்ட தாண்டுனா வேற ஸ்டேட்டு, வேற பாஷை, ஆனா ரோடு ஒண்ணுதான். உங்க கம்பெனியில ஒரு போல்ட்டு தீந்து போனா என்ன பண்றீங்க? ஆள விட்டு மத்தியானத்துக்குள்ள வாங்கிட்டு வந்துடறீங்க. என் நாடுங்களுக்குப் பக்கத்து ஊருங்கறதே கிடையாது. எதுக்கும் பக்கத்துல எதுவும் இல்ல." அவள் சொல்லும்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன் இல்லையா, அதனால் தெரியவில்லை.

ஒரு முறை அவளுடைய ஆட்கள் இரண்டு பேர் ஓசூருக்கே வந்தார்கள். பெங்களூரில் ஏதோ கருத்தரங்கு. முடித்துவிட்டு, எல்லையை ஒட்டி ஒரு தொழில் ஊர் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டுமென்று கிளம்பி வந்துவிட்டார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பேராசிரியர், இவர்கள் குழுவுக்குத் தலைவர். உயரமான மனிதர், எங்கள் வீட்டு நிலைப்படியில் வந்த அன்றே தலையை இடித்துக்கொண்டார். இன்னொருவர் தீவுக்காரர். தன் நாட்டின் புள்ளிவிவர இலாகாவில் இருந்துகொண்டே ஆராய்ச்சியும் செய்கிறவர். குண்டான, சிரித்த முகம். எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி.

அவர்களைச் சூளகிரிப் பக்கம் புதுத் தொழிற்பேட்டைகளைக் காட்டக் கூட்டிப்போனோம். மத்தியானம் ஹைவேயில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். தீவுக்காரர் ஆம்லெட் கேட்டார். மாஸ்டர் உள்ளே பார்த்து, "வெங்காயம் தீந்துபோச்சு" என்று தெலுங்கில் கத்த, கல்லாவில் இருந்தவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பை வெங்காயத்தோடு திரும்பி வந்தார். தீவுக்காரர் கையில் பிடித்திருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தார். எங்கள் ஊரில் வெங்காயம் தீர்ந்தால் கப்பல் வரும் வரை வெங்காயம் கிடையாது, கப்பல் எப்போது வருமென்று கப்பல்காரனுக்கே தெரியாது என்றார். என் மனைவி என்னைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள். அன்றைக்கு அந்த ஆம்லெட்டை மூன்று நிபுணர்களும் ஆராய்ச்சி செய்துதான் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தீவுக்காரர் எதிர் வீட்டைக் காட்டி, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஏதோ கன்னடக்காரர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள். அவர் நம்பவில்லை. எதிர் வீட்டில் எத்தனை பேர் என்றுகூடவா தெரியாது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. உங்க ஊரில் மொத்தமே நாலு வீடு, எண்ணிவிடலாம் என்று தமிழில் சொன்னேன். என் மனைவி அதை வேறு மாதிரி இங்கிலீஷில் சொன்னாள்.

அந்த வருகைதான் எனக்கு வினையாய் முடிந்தது. அடுத்த வருஷமே அந்தத் தீவுக்காரரின் நாட்டில் இருக்கும் பல்கலைக்கழகக் கிளையில் அவளுக்கு வேலை வந்தது. இரண்டு வருஷம். அங்கேயே இருந்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, அந்த அரசாங்கத்துக்குத் திட்டம் எழுத வேண்டும். இத்தனை வருஷம் உலகப்படத்தில் பார்த்த புள்ளிமேல் கால் வைக்கப் போகிறாள். என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். போகாதே என்று சொல்ல எந்தப் புருஷனுக்கும் மனசு வராது. "போய்ட்டு வா, ரெண்டு வருஷம்தான, கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள ஓடிரும்" என்றேன். பெங்களூர் ஏர்போர்ட்டில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்தான். நான் கேட்கவில்லை.

அங்கே நேரம் நம்மைவிட முன்னால் ஓடும். எனக்குக் காலை ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேரும்போது அவளுக்கு அங்கே இருட்டியிருக்கும். தினமும் அப்போதுதான் வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் நிறையப் பேசினோம். பேச விஷயம் தீர்ந்த பிறகும் போனை அணைக்கவில்லை. அவள் போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். நான் இங்கே சாப்பிட்டுக்கொண்டே அவள் டைப் அடிக்கும் சத்தத்தையும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காற்று தென்னை மட்டைகளை உரசுவதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் போன் சரிந்து விழுந்து, அங்கே ஓடும் மின்விசிறி மட்டும் தெரியும். அதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். போனை எடுத்து நிமிர்த்தி வைக்கச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். வேலை செய்கிறாள், தொந்தரவு வேண்டாம். அவள் இல்லாமல் எனக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. இதை அவளிடம் ஒரு முறைகூட இப்படி நேராகச் சொன்னதில்லை.

ஒரு நாள் ஒரு லிங்க் அனுப்பினாள். இணையத்தில் ஒரு கருத்தரங்கு, அவள் பேசப்போகிறாள், கேளுங்கள் என்று. எனக்கு மத்தியானம், அவளுக்கு இரவு, பேராசிரியருக்கு அவர் ஊரில் அப்போதுதான் காலை. இங்கிலீஷில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் சண்டை எதைப் பற்றி என்று நன்றாகவே புரிந்தது. சண்டையென்றால் எனக்கு எந்த பாஷையிலும் புரியும்.

விஷயம் இதுதான். கணக்கெடுக்கப் போகும்போது ஒரு விதி உண்டாம். வீட்டைவிட்டுப் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆனவரை அந்த வீட்டில் எண்ணக்கூடாது. எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எண்ண வேண்டும். இந்தத் தீவில் அந்த விதி செல்லவில்லை. இவள் ஒரு வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ஒன்பது என்பார்கள். உள்ளே பார்த்தால் இரண்டு பேர்தான் இருப்பார்கள். மற்ற ஏழு பேரும் கடல் தாண்டிப் பெரிய நாடுகளில் முதியோர் இல்லங்களிலும் கப்பல்களிலும் வேலை செய்கிறார்கள். போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். அவர்களை எண்ண முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு இன்னொரு முறை முதலிலிருந்து ஒன்பது பேரின் பெயரையும் சொல்வார்களாம்.

விதி விதிதான், எண்ணக்கூடாது என்றார் பேராசிரியர். தீவுக்காரர், அப்படி எண்ணினால் என் நாட்டில் யாருமே மிஞ்ச மாட்டார்கள் என்றார். என் மனைவி தீவுக்காரர் பக்கம் நின்றாள். போனவர்கள் பணம் அனுப்புகிறார்கள், வீட்டில் கூரை மாற்றுவதற்கு அவர்களைக் கேட்டுத்தான் மாற்றுகிறார்கள், கல்யாணம் அவர்களைக் கேட்டுத்தான் முடிவாகிறது, பிறகு எப்படி அவர்கள் அந்த வீட்டில் இல்லை என்று சொல்வது என்று கேட்டாள். அவள் குரல் ஏறி நான் கேட்டது அபூர்வம். தூரத்தில் இருப்பதும் வீட்டில் இருப்பதில் ஒரு வகை என்று சொன்னாள். அந்த வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவள் ஏதோ எனக்காகவே வாதாடுகிற மாதிரி இருந்தது. மறுநாள் கேன்டீனில் எல்லாரிடமும் சொன்னேன். "ஏன் சார், அம்மா எப்போ வர்றாங்க?" என்று நக்கலாகக் கேட்கிற ஒருவன் இருக்கிறான். அவனிடம், "எங்க வீட்டம்மா எங்க வீட்டுலதான்யா இருக்குது, ஆராய்ச்சியிலயே நிரூபிச்சாச்சு" என்றேன். அவன் முழித்தான்.

முதல் வருஷம் முடிந்து ஒரு மாத விடுமுறையில் வந்தாள். கறுத்திருந்தாள், அது அழகாகத்தான் இருந்தது. சந்தைக்குக் கூட்டிப்போனேன். தக்காளியை ஒரு பெட்டி அப்படியே எடுத்துக்கொண்டாள். சோப்பு, தீப்பெட்டி, பல்பு என்று எதை எடுத்தாலும் கை நிறைய. "ஏம்மா, என்ன கல்யாணமா நடக்கப்போவுது? நாளைக்கும் சந்தை இருக்கும்ல" என்றேன். நின்று யோசித்தாள். "ஆமாங்க, இங்க நாளைக்கும் இருக்கும். எனக்கு மறந்தே போச்சு" என்றாள். சிரித்தோம். ஆனால் அந்த மாதம் பூராவும் அவள் தண்ணீர்க் குழாயைச் சொட்டு விழாமல் மூடிவிட்டு, மறுபடி போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தாள். மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கிற ஊர் அது. தூக்கத்திலிருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் ஜன்னலைத் தேடுவாள், தப்பான சுவரில். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டேன். கேட்கவில்லை.

திரும்பிப் போகும் முன்பு, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். "அங்க படகு இன்ஜின் ரிப்பேர் பண்ண ஆளே இல்லைங்க. உங்க கைக்கு அங்க ராஜ மரியாதை கிடைக்கும். வர்றீங்களா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இத்தனை வருஷ சர்வீஸை விட்டுட்டு அங்கிட்டு வந்து தேங்கா பொறுக்கவா? நீ முடிச்சுட்டு வா. இன்னும் ஒரு வருஷம்தான" என்றேன். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ம்" என்றாள். அதற்குப் பிறகும் சில தடவை போனில் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் பென்ஷன், பிஎஃப், ரிட்டையர்மென்ட் என்று ஏதாவது சொல்வேன். அவள் வரட்டும் என்று நான் காத்திருந்தேன், நான் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு பேருக்கும் இது தெரியும்.

இரண்டு வருஷம் முடியும்போது வேலையை நீட்டித்தார்கள். பிறகு இன்னொரு தடவை நீட்டித்தார்கள். இரண்டாவது தடவை என்னைக் கேட்காமலே சம்மதம் சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். நான் சண்டை போட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது நியாயந்தாங்க" என்றாள். நியாயம் என்று ஒத்துக்கொள்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர் வீட்டுக் கன்னடக்காரர் அதற்குள் எனக்குப் பழக்கமாகியிருந்தார், வீட்டில் நான்கு பேர் அவர்கள். "மேடம் பரலில்லவா?", இன்னும் வரவில்லையா என்று ஒரு நாள் கேட்டார். வருவாங்க என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை, ஆனால் பண்டிகைக்குச் செய்ததைத் தட்டில் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார். அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அப்போதுதான் இன்னொரு கருத்தரங்கு. இந்த முறை அவள் லிங்க் அனுப்பவில்லை. பழைய லிங்க் வந்த இடத்திலேயே தேடி நானே போய் உட்கார்ந்தேன். முதல் சில நிமிஷம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏனென்றால் அவள் பேராசிரியர் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

நடந்தது என்னவென்று பிறகு போனில் அவளாகவே சொல்லித்தான் முழுதாகத் தெரிந்தது. ஒரு தூரத்துத் தீவுக்கு இவர்கள் கணக்கை வைத்துத்தான் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்பது பேர், அதில் குழந்தைகள் இத்தனை என்று. இவள் படகில் போய் இறங்கியபோது புது பெஞ்சுகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. வாத்தியாரம்மா மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய அறையில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் அப்பா அம்மாவோடு கடல் தாண்டி இருக்கிறார்கள், பெயர் மட்டும் இங்கே இருக்கிறது. அதே தீவில் வயசாளிகளுக்கு நர்ஸ் கிடையாது. இத்தனை இளவட்டங்கள் வீட்டில் இருக்கும்போது நர்ஸ் எதற்கு என்று கணக்கு சொல்லிவிட்டது. "அன்புல எண்ணிட்டோங்க. இருக்கறவங்களுக்குத்தான் அதால நஷ்டம்" என்றாள். அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. நான் அந்தக் கருத்தரங்கைக் கேட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து எங்கள் தெருவுக்கே கணக்கெடுக்க வந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண், கையில் டேப்லெட், குடைக்கு வேலை கொடுக்கிற வெயில். டீச்சராக இருக்க வேண்டும். உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தேன். வீட்டுக்கு எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வண்டி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல எத்தன பேர் சார்?" என்றாள்.

"ரெண்டு."

"இன்னொருத்தர் யாரு சார்?"

"என் வீட்டம்மா. வெளிநாட்டுல இருக்காங்க."

அவள் கை நின்றது. "போயி எவ்ளோ நாளாச்சு சார்?" சொன்னேன். "அப்படின்னா ஒண்ணுதான் சார் வரும். ஆறு மாசத்துக்கு மேல ஆனா எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இந்த வீட்டு கரண்ட் பில் அவள் பேரில் வருகிறது, பீரோவில் அவள் புடவை இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறாள், நீ யாரம்மா அவள் இல்லை என்று சொல்ல என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் பயந்துபோய் மோரைக் கீழே வைத்தாள். பாவமாகப் போய்விட்டது. "ஒரு நிமிஷம் இரும்மா. இந்த விஷயத்துல உலகத்துலயே பெரிய ஆளுங்கள்ல ஒருத்தங்க எங்க வீட்டுலதான் இருக்காங்க, அவங்களயே கேட்டுருவோம்" என்று போனை எடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு ஆசை இருந்தது. அவள் அந்தப் பழைய குரலில், ரெண்டுதான் என்று இந்தப் பெண்ணிடம் வாதாட வேண்டும். அது மட்டும் நடந்துவிட்டால் போதும், அவள் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் சரி.

அவள் எடுத்தாள். சாப்பிட்டு முடித்திருந்தாள், தலையை அவிழ்த்துப் போட்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். பிறகு, "ஒண்ணுன்னே சொல்லுங்க" என்றாள்.

"என்னாது?"

"இங்க போன மாசம் கணக்கெடுத்தாங்க. என்னை இங்க எண்ணியாச்சுங்க. நானேதான் பேரு குடுத்தேன். ஒருத்தரை ரெண்டு எடத்துல எண்ணக்கூடாது. ரெண்டு பக்கமும் தப்பாயிடும்."

நிபுணராகப் பேசினாள். சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நல்ல மனசு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க சார், ரெண்டுன்னே போட்டுடறேன். சீக்கிரம் வந்துடுவாங்க இல்ல? யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றாள். எனக்கு வேண்டியது அதுதான், தட்டில் வைத்து நீட்டுகிறாள். வாழ்க்கையில் எதற்கெல்லாமோ தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இதற்கு நான் கத்தக்கூட வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். ஆனால் என் மனைவியின் வேலை அது. எண்ணுவதில் தப்பு வரக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை தூரம் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொன்ன பிறகு அவள் வீட்டிலேயே நான் பொய்க் கணக்குக் கொடுப்பதா?

"வேண்டாம்மா. ஒண்ணுன்னே போடு" என்றேன்.

அவள் போட்டாள். குடும்பத் தலைவர் யார் என்று அடுத்த கேள்வி. நான்தான் என்றேன். மோரைக் குடித்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போனாள். அங்கே நான்கு பேரும் வரிசையாகப் பெயர் சொல்கிற சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தபோது அவளே கூப்பிட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். வெயில் எப்படி என்று கேட்டாள். சொன்னேன். பிறகு சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "நேத்து அந்தப் பொண்ணுகிட்ட கடைசியா என்ன சொன்னீங்க?" என்றாள்.

"நீ சொன்னதத்தான். ஒண்ணு."

போனில் முகம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் உதடு கோணியது. என் எதிரில் அவள் அழுது நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"எதுக்கெடுத்தாலும் சண்டை போடுவீங்களே" என்றாள். "நான் என்ன சொன்னாலும் நீங்க விட மாட்டீங்க, சண்டை போட்டு ரெண்டுன்னு எழுத வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேங்க. ராத்திரி பூரா அப்படித்தான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அந்தப் பெண் போட்டுடறேன் என்றுதான் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன் என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. நான் இன்னும் அதைச் சொல்லவில்லை. அந்தப் பொண்ணத் தேடிப் போய் மாத்திப் போடச் சொல்லட்டுமா, இந்தத் தெருவிலதான் எங்கயாவது இருக்கும் என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பைத் தேடி, அங்கே அவள் புடவை கட்டுவதில்லை என்பதால் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க. ஒண்ணுதான் சரி" என்றாள். "கணக்கு சரியாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டு மறுபடி அழுதாள்.